கலப்படம் என்று சொன்ன வாய்

என் அத்தான் வெயிலுமுத்து ஒரு எஞ்சினைப் பார்க்க ஆரம்பித்தால் முதல் அரை மணி நேரம் வாயைத் திறக்க மாட்டார். படகுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று பறப்பார். இவர் காதில் விழாத மாதிரி குனிந்தே கிடப்பார். அப்புறம் நிமிர்ந்து, தோளில் கிடக்கும் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். ‘பம்ப்.’ ‘கேஸ்கட்.’ ‘கேபிள்.’ அவ்வளவுதான். அதற்கு மேல் பேசினால் யாரோ கூலியில் பிடித்துக்கொள்வார்கள் என்பது மாதிரி ஒரு மூஞ்சி. அந்த ஒரு வார்த்தை முப்பது வருஷத்தில் தப்பியது ரொம்பச் சில தடவைதான். நான் எழுத வந்தது அப்படித் தப்பிப்போன ஒரு வார்த்தையைப் பற்றி. எழுதுவதற்கு எனக்கும் பெரிய யோக்கியதை கிடையாது. இதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் எனக்கு ரப்பர் ஹோஸ், கேஸ்கட் கடை. பேர் மாரிக்கண்ணன். வெயிலுமுத்து என் அக்கா கோமதியைக் கட்டியவர். அவருடைய ஒர்க்‌ஷாப் என் கடைக்குப் பின்சந்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். சாத்தான்குளத்துப் பக்கம் இருந்து பத்தொன்பது வயதில் வந்தவர், சயானில் ஒரு லாரி கேரேஜில் எஞ்சின் பிரித்துக் கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு சேட் தன் உல்லாசப் படகின் எஞ்சினைக் காட்ட ஆள் தேடி அங்கே வந்துவிட்டார். அத்தான் போய்ப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு பெரிய கார் எஞ்சின். “லாரிக்கு ரேடியேட்டர் தண்ணி, இதுக்குக் கடத்தண்ணி. வேற என்னத்தல பெருசா?” என்று அன்றைக்குச் சொன்னவர்தான். அதிலிருந்து படகு மிஸ்திரி ஆகிவிட்டார்.

அந்த மாதிரிப் படகை ஸ்டெர்ன்டிரைவ் என்பார்கள். எஞ்சின் படகின் வாலுக்குள் மூடி போட்ட பெட்டியில் இருக்கும். பின்பலகையைத் துளைத்துக்கொண்டு ஒரு கால் வெளியே தண்ணீருக்குள் தொங்கும், விசிறி அந்தக் காலின் நுனியில். பணக்காரர்கள் சனி ஞாயிறு குடும்பத்தோடு மாண்ட்வா, அலிபாக் போய்வர வைத்திருப்பார்கள். புதுசு வாங்குகிறவர்கள் கம்பெனிக்காரனைக் கூப்பிடுவார்கள். இருபது, இருபத்தைந்து வருஷப் பழைய படகு வைத்திருப்பவர்கள் அத்தானைக் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு கூட்டாளிக் கும்பல் இருந்தது, ஆறேழு சேட்டுகள். அதில் முக்கியமானவர் செம்பூரில் இருக்கும் ரோஷன் சேட். அவருடைய படகுக்கு அவர் அம்மா பெயர், ‘ரஞ்சனா’.

ரஞ்சனாவை ஓட்டியவன் சுடலைக்கண்ணன். லைசென்ஸ் வைத்திருக்கிறவன், கடலோரத்துப் பையன், தண்ணீரைப் பார்த்தே எங்கே ஆழம் என்று சொல்லிவிடுவான். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அத்தான்தான். கோவண்டியில் வீடு. பெண்டாட்டி மாடத்தி, ஒரே பெண் மாரிசெல்வி. அத்தானை அண்ணாச்சி என்பான். இங்கே எல்லாரும் எல்லாரையும் அண்ணாச்சி என்பார்கள், அது பெரிய விஷயமில்லை. இவன் மனசாரச் சொல்வான். “அண்ணாச்சி எஞ்சின்ல கைய வச்சுட்டுச் சொன்னா அது தப்பவே தப்பாது” என்று என் கடையில் டீ குடிக்கும்போதெல்லாம் ஒருதடவை சொல்லாமல் போக மாட்டான். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு அக்டோபர். மழைக்காலம் நாலு மாசம் கரையில் கிடந்த படகுகள் மறுபடி தண்ணீரில் இறங்கியிருந்தன. ரோஷன் சேட் குடும்பத்தோடும் விருந்தாளிகளோடும் முதல் தடவையாக மாண்ட்வாவுக்குக் கிளம்பினார். முதல் பத்து நிமிஷம் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஜம்மென்று போனது. அப்புறம் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி வேகம் குறைந்தது. சுடலை லீவரை முழுக்கத் தள்ளியும் ஆர்பிஎம் முள் நாலாயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்கு இறங்கியது. வால் அமிழ்ந்து, புகை வாந்தியாக வந்தது. நிறுத்திப் பத்து நிமிஷம் சும்மா கிடந்தால் மறுபடி நன்றாக ஓடும். மறுபடி பத்து நிமிஷத்தில் சோர்ந்துவிடும். இப்படி நின்று நின்று போய்ச் சேர்வதற்குள் விருந்தாளிகளில் பாதிப் பேர் வாந்தியெடுத்து விட்டார்கள். சேட்டுக்கு மானம் போனது.

மறுநாள் காலையில் பாவுச்சா தக்கா படகுத்துறையில் அத்தான் படகில் ஏறினார். நானும் போயிருந்தேன், சேட் இன்னொரு படகுக்கு ஹோஸ் கேட்டிருந்தார். அத்தான் வேலை பார்ப்பதை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். குற்றம் சொல்லவே முடியாது. முதலில் அடிப்பாகம். பாசி, சிப்பி ஒட்டியிருந்தால் படகு இழுக்காது. ஆனால் இறக்கும்போதே சுரண்டிச் சுத்தம் செய்தது. அடுத்தது விசிறி. விசிறியின் நடுவில் உள்ள ரப்பர் வழுக்கினால் எஞ்சின் மட்டும் கத்தும், படகு போகாது. இங்கே எஞ்சினே படுத்துவிடுகிறது, ஆகவே அது இல்லை. சுடலையை லீவரைத் தள்ளச் சொல்லிவிட்டு, இவர் கார்புரேட்டர் வாய் முழுக்கத் திறக்கிறதா என்று பார்த்தார். திறந்தது. புகை போகும் வழியில் உள்ள ரப்பர் மடிப்பு கருகி அடைத்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தார். இல்லை. பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றிக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றினார். அடியில் இரண்டு விரல் தண்ணீர் நின்றது.

அப்புறம் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். படகின் டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, என்னிடம் இருந்து இரண்டு மீட்டர் ஹோஸ் வாங்கி, தான் கொண்டுவந்த ஒரு கேன் பெட்ரோலை நேரே எஞ்சினுக்கு மாட்டினார். “விடுல” என்றார். சுடலை வெளியே ஓட்டினான். அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினோம், ஒரு தடங்கல் இல்லை. எஞ்சின் தங்கம். கோளாறு எஞ்சினில் இல்லை, டேங்க் பக்கம்தான் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துபோனது.

திரும்பி வரும்போது சுடலை மெதுவாகச் சொன்னான். “அண்ணாச்சி, கேன்லருந்து டேங்க்ல ஊத்தையில எதுக்களிச்சுக்கிட்டு வெளிய வருது. போன வருசமெல்லாம் அப்படி வராது. பாதி தரையிலதான் போவுது. அதையும் கொஞ்சம் பாத்துருங்களேன்.”

“நீ செத்த சும்மா கிட. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்” என்றார் அத்தான்.

கரையில் ரோஷன் சேட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். “க்யா ஹுவா, வெயிலு?” என்றார், என்ன ஆச்சு என்று. அத்தான் பாட்டிலைத் தூக்கி வெயிலில் காட்டினார். கையைத் துடைத்தார். வழக்கம்போல ஒரு வார்த்தை. “மிலாவட்.”

கலப்படம். பெட்ரோலில் கலப்படம்.

நல்ல பெட்ரோல் போட்டால் ஓடுகிறது, டேங்க் பெட்ரோலில் ஓடவில்லை, ஆகவே டேங்க் பெட்ரோல் கெட்டது. கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் டேங்க் என்பது பெட்ரோல் மட்டுமா? குழாய் இருக்கிறது, வால்வு இருக்கிறது, காற்றுப் போகிற வழி இருக்கிறது. பாட்டிலில் நின்ற தண்ணீர், மழைக்காலம் பூராவும் பாதி டேங்க்கோடு நின்ற எந்தப் படகிலும் இருக்கும். இதெல்லாம் அத்தானுக்குத் தெரியாததா? எனக்கே தெரியும். இன்னும் ஒரு படி, ஒரே ஒரு படி பார்த்திருக்க வேண்டும். சேட் எதிரே நின்றார், பார்த்தவரை எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது, வார்த்தை தானாக வந்துவிட்டது.

பெட்ரோல் பம்புக்குப் போய்க் கேனில் வாங்கி வருகிறவன் சுடலை. சேட் அவன் பக்கம் திரும்பினார். பெட்ரோல் போன வருஷத்தைவிட அதிகம் செலவாகிறது என்று அவருக்கு ஏற்கெனவே ஒரு கடுப்பு இருந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். பெட்ரோலை விற்றுவிட்டுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறான் என்று. சுடலைக்குச் சரளமாக வரும் இந்தி அன்றைக்கு வரவில்லை. “நை சேட், நை சேட்” என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. அத்தானைப் பார்த்தான். அவன் திருடினான் என்று அத்தான் சொல்லவில்லை. திருடவில்லை என்றும் சொல்லவில்லை. டூல் பையைக் கட்டிக் கொண்டிருந்தார்.

அன்றோடு சுடலைக்கு வேலை போனது. தக்காவில் பேச்சு பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாரத்தில் அவனுக்குப் ‘பானிவாலா’, தண்ணிக்காரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்தப் படகிலும் ஏற்றவில்லை. கடைசியில் தேவ்நாரில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனான். கடலில் கிடந்தவன், ஒரு இரும்பு கேட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினார்கள். ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். தீபாவளி வந்தது, சேட் குடும்பம் துபாய் போனது. நவம்பரில் திரும்பிவந்து, புது ஆளை வைத்து மாண்ட்வாவுக்குக் கிளம்பினால் பத்தாவது நிமிஷத்தில் பழைய கதை.

இந்தத் தடவை அத்தான் படகிலேயே கூடப் போனார். சேட் முன்னால் உட்கார்ந்திருந்தார். வேகம் விழுந்ததும், புதுப் பெட்ரோலிலும் வேலையைக் காட்டிவிட்டார்களா என்று மோந்து பார்க்க அத்தான் டேங்க் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. எஞ்சின் உடனே உறுமிக்கொண்டு எழும்பியது. அத்தானுக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. டேங்க் மூச்சு விட முடியாமல் கிடந்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வரவில்லை. உள்ளே வெற்றிடம் இழுத்துப் பிடிக்க, பம்ப் பெட்ரோலை உறிஞ்ச முடியாமல் திணறியிருக்கிறது. ஊற்றும்போது எதுக்களித்ததும் அதனால்தான், உள்ளே இருக்கிற காற்றுக்கு வெளியே போக வழியில்லை.

காற்றுப் போகும் துளை படகின் வெளிப்பக்கம், வாலை ஒட்டி, எட்டணா அகலத்தில் வெள்ளிப் பூண் போட்டு இருக்கும். அத்தான் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். அந்தப் பூணின் மேல் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

வைத்தவர் இவரேதான். ஆயுத பூஜை என்றால் அத்தானுக்குப் பைத்தியம் பிடிக்கும். ஸ்பானர், டிரில், கம்ப்ரெசர், வைஸ் ஒன்றையும் விட மாட்டார், தான் வேலை பார்க்கும் படகுகளுக்கும் போய்ப் பொட்டு வைத்துவிட்டு வருவார். சேட்டுகளுக்கும் அது பிடிக்கும், மறுநாள் அவர்களுக்குத் தசரா. ஆனால் கடலில் சந்தனம் நிற்காது, முதல் அலையிலேயே கரைந்துவிடும். அதில் அவருக்கு வருஷா வருஷம் வருத்தம். அந்த வருஷம் பூஜை படகுகள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னாலேயே வந்தது, ஒரு யோசனை செய்தார். ஃபைபர் ஓட்டை அடைக்கிற ரெசின் பசையில் சந்தனப் பொடியும் மஞ்சளும் குழைத்து, இறுகுவதற்கான மருந்தும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். கடல் என்ன செய்தாலும் போகாத பொட்டு! என்னிடம் வந்து பெருமை வேறு அடித்தார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவன் சுடலை. மூக்கிலே, விளக்கிலே, காலிலே என்று வைத்துக்கொண்டே வந்தவர், நெற்றி மாதிரி வட்டமாக இருந்த அந்தப் பூணைப் பார்த்ததும் கட்டைவிரலால் அழுத்தி ஒன்று வைத்துவிட்டார். பக்தியில் கை முந்திவிட்டது. ராத்திரிக்குள் கல்லாக இறுகிவிட்டது.

படுத்தபடியே ஸ்குரூடிரைவரால் அதைச் சுரண்டி எடுத்தார். சேட் முன்னாலிருந்து, “க்யா தா?” என்று கேட்டார். என்ன இருந்தது?

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், அவர் வழக்கப்படியே. “குச் நை சேட், கச்ரா தா” என்றார். ஒன்றுமில்லை, குப்பை.

உண்மையை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார், அடுத்த நாள் என் கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு. கண்ணில் தண்ணீர். “நானே அடச்சு வச்சுட்டு அவன் மேல பழியப் போட்டுட்டேன் மாப்ள. அவன் எதுக்களிக்குதுன்னு வாய் வலிக்கச் சொன்னான். கேட்டேனா?” என்றார். சேட்டிடம் போய்ச் சொல்லிவிடட்டுமா என்று என்னிடம் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதித்தானே ஆக வேண்டும். “இப்பப் போய் என்னத்த அத்தான் சொல்லப் போறிய? பொட்டு வச்சு டேங்க்க அடச்ச மிஸ்திரின்னு தக்கா பூரா சிரிப்பான். ஆறு படகும் கையை விட்டுப் போகும். சுடலைக்குத்தான் வேற வேலை கெடச்சிருச்சுல்லா” என்றேன். சேட்டின் கூட்டாளிகள் ஹோஸ் வாங்குவது என் கடையில். அது என் மனசில் இல்லை என்று சொன்னால் பொய். அத்தானுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, நான் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

நாலு வருஷம் ஓடிவிட்டது. அந்த நாலு வருஷத்தில் அவரை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். செம்பூருக்கு வேலைக்குப் போவார், அடுத்த ஸ்டேஷன் கோவண்டி, அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார். ஊர்க்காரர் கல்யாணங்களில் சுடலை வந்திருக்கிறானா என்று வாசலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உள்ளே போவார். ஒரு வார்த்தை சொல்கிற ஆள், எஞ்சின் முன்னால் இப்போது நாலு தடவை யோசித்து, “இருக்கலாம், பாப்போம்” என்று இழுக்க ஆரம்பித்தார். சேட்டுகளுக்கு அது பிடிக்கவில்லை. வேலை தானாகவே குறைந்தது. எதைக் காப்பாற்ற வாயை மூடினாரோ, அது எப்படியும் போய்க்கொண்டுதான் இருந்தது.

இந்த வருஷம் ஜனவரியில் ஒருநாள் சாயங்காலம் சுடலைக்கண்ணனே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நின்றான். முடி பாதி நரைத்திருந்தது. புதிதாக ஒரு ஃபெர்ரி கம்பெனி ஆள் எடுக்கிறதாம். இவன் லைசென்ஸைப் பார்த்ததும் அவர்களுக்குப் பிடித்துப்போனது. ஆனால் கடைசியாக ஓட்டிய படகுக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், நடத்தை நன்றாக இருந்தது என்று. பத்து நாளில் கொடுக்க வேண்டும். இனிமேல் வயது தாண்டிவிடும், அடுத்த தடவை எடுக்க மாட்டார்கள்.

“சேட்டு என்னய வாசல்லகூட விடமாட்டாரு அண்ணாச்சி. நீங்க கூட வந்து ஒரு வார்த்தை சொன்னியன்னா எழுதிக் குடுத்துருவாரு. ஒங்க பேச்சுக்கு மறுபேச்சு கெடையாதுல்லா” என்றான்.

அவனுக்கு ஒன்றுமே தெரியாது. அத்தான் இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். “நீ வராண்டாம். நான் போய் வாங்கிட்டு வாரேன்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் செம்பூர் போனோம். ரோஷன் சேட் அரை டிராயரோடு சோபாவில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ரஞ்சனாவைப் போன வருஷமே விற்றுவிட்டாராம். அத்தான் உட்காரவில்லை. நின்றபடியே, தனக்குத் தெரிந்த இந்தியில், ஆயுத பூஜையிலிருந்து குப்பை என்று சொன்னது வரை ஒன்று விடாமல் சொன்னார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

சேட் கொஞ்ச நேரம் விழித்தார். யார் சுடலை என்று அவருக்கு ஞாபகமே வரவில்லை. “அச்சா, வோ பெட்ரோல்வாலா?” என்றார், ஓ, அந்தப் பெட்ரோல்காரனா என்று. அப்புறம் சோபா குலுங்கச் சிரித்தார். உள்ளே இருந்த பெண்டாட்டியைக் கூப்பிட்டு, பொட்டு வைத்துப் படகை நிறுத்தின மிஸ்திரியைப் பார் என்றார். கோபமே இல்லை. லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். நாலு வருஷமாக இந்த மனிதனுக்குப் பயந்துதான் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அவர் இரண்டே நிமிஷத்தில் தட்டி முடித்துவிட்டார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது, பிறகு அத்தானை, பிறகு என்னையே.

சுடலைக்கண்ணன் மேல் சந்தேகப்பட்டது தவறு, கோளாறு வேறு, அவன் நேர்மையானவன் என்று கடிதத்தில் இருந்தது. அத்தான் ஒன்று கேட்டார். கோளாறு எது என்று தெரியவந்த மாசத்தையும் வருஷத்தையும் போடச் சொன்னார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். “எதுக்கு அத்தான்? அது வேண்டாம். காரியம் நடந்தாச் சரிதான?”

“தேதி இல்லன்னா அது பாதி பொய் மாப்ள” என்றார். சேட் தோளைக் குலுக்கிவிட்டுப் போட்டுக் கொடுத்தார்.

சுடலைக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லிக் கதையை முடிக்க எனக்கு இஷ்டமில்லை.

அன்றைக்கே கோவண்டியில் இறங்கினோம். மாடி ஏணியேறிப் போக வேண்டிய ஒரு அறை. மாடத்தி, “வாங்கண்ணாச்சி, இந்தப் பக்கமே வாறதில்லயே” என்று பாயை உதறிப் போட்டு, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். மாரிசெல்வி நாலு வருஷத்தில் வளர்ந்துவிட்டிருந்தாள், காலேஜில் இரண்டாம் வருஷமாம். கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் சுடலை அதை மகளிடம் நீட்டினான். “படி தாயி. சத்தமாப் படிச்சு எல்லாருக்கும் சொல்லு” என்றான். அவன் முகத்தில் கல்யாணவீட்டுச் சந்தோஷம்.

அவள் படித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சந்தேகப்பட்டது தவறு என்ற இடத்தில் மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் மாரிசெல்வி நிறுத்தினாள். திரும்ப ஒருதடவை தனக்குள் படித்துப் பார்த்தாள்.

“பெரியப்பா, இதுல நவம்பர்னு போட்டிருக்கு. அப்பாவ நிறுத்துனது அக்டோபர்ல. அப்ப ஒரே மாசத்துல ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் தாயி” என்றார் அத்தான். “அடச்சதே நான்தான். பூசைக்கு வச்ச பொட்டு.”

“நாலு வருஷமாத் தெரியுமா?”

“ஆமா.”

மாடத்தி போய் அடுப்பை அணைத்தாள். கீழே சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கொண்டிருந்தான், அது கிளம்பவில்லை. சுடலை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மாரிசெல்வி கடிதத்தை மடித்துப் பாயில் வைத்தாள்.

“அப்பா சத்தியம் பண்ணாரு பெரியப்பா. சாமி படத்துல கைய வச்சு, நான் எடுக்கல, கலக்கலன்னு எங்கிட்ட சொன்னாரு. நான் நம்பல. ‘வெயிலுமுத்து பெரியப்பா சொன்னாத் தப்பவே தப்பாதுன்னு நீங்கதானப்பா சொல்வீங்க, அப்பறம் எப்பிடி’ன்னு அவருகிட்டயே கேட்டேன். காலேஜ்ல அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா ஊர்ல இருக்காருன்னு சொல்லிட்டேன். நாலு வருஷமா நான் எங்கப்பாகிட்டச் சரியாவே பேசலயே.”

அத்தான் இரண்டு கையையும் கூப்பினார். சுடலைதான் பேசினான், மகளைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாக.

“நீ என்ன தாயி செய்வ? நானே அப்பிடித்தான நெனச்சேன். அண்ணாச்சி கலப்படம்னு சொல்லிட்டாவ, அப்ப அது கலப்படமாத்தான் இருக்கும். நான் கலக்கல. அப்பம் பம்புக்காரன்தான் கலந்து குடுத்துட்டான்னு நெனச்சேன். நாலு வருசமா ரோட்டுல போவையில எல்லாம் அந்தப் பம்பப் பாத்துத்தான் மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டு இருந்தேன். அண்ணாச்சி சொன்னது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.”

நாங்கள் டீ குடிக்கவில்லை, யாரும் குடிக்கச் சொல்லவும் இல்லை. வாசல் வரை சுடலை வந்தான். கடிதத்துக்கு நன்றி என்று சொன்னான், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கோவண்டி ஸ்டேஷனில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். அத்தான் என் பக்கம் திரும்பாமல் சொன்னார். “அவன் என்னையத் திட்டிக்கிட்டு இருப்பான்னு நெனச்சுத்தான் மாப்ள நாலு வருசமா இந்தப் பக்கம் வராம இருந்தேன். அவன் என்னைய நம்பிக்கிட்டுல்லா இருந்திருக்கான்.”

அவரை அன்றைக்குச் சேட்டிடம் போக விடாமல் தடுத்தவன் நான்தான்.